உருளைக்கிழங்கை நிறுத்துப் பார்க்க வேண்டும்

பிளஸ் ஒன் தாவரவியலில் சவ்வூடு பரவல் (சவ்வு வழியே, கரைபொருள் கூடுதலாக இருக்கும் பக்கம் தண்ணீர் நகர்வது) பாடம் வந்தால் பெரும்பாலும் எல்லாப் பள்ளியிலும் நடப்பது ஒன்றுதான். உருளைக்கிழங்கைத் தோல் சீவி, நடுவில் குடைந்து, குழிக்குள் சர்க்கரைக் கரைசல் ஊற்றி, குண்டூசி குத்தி மட்டத்தைக் குறித்து, தண்ணீர் இருக்கும் பீக்கரில் வைப்போம். கொஞ்ச நேரத்தில் உள்ளே மட்டம் ஏறும். "ஏறுச்சா? படம் வரைஞ்சு எழுதிக்கோங்க" என்போம். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போட்டதும் பாடம் முடிந்தது.

அந்தச் சோதனை மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அது 'நடக்கிறதா' என்ற கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். எவ்வளவு நடக்கிறது, எதுவரைக்கும் நடக்கும், எங்கே நிற்கும் என்றால் வாயைத் திறக்காது. அதற்குக் கிழங்கை நிறுக்க வேண்டும். நான் வேலை பார்ப்பது சென்னிமலைக்கும் காங்கேயத்துக்கும் நடுவில் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்த 'எவ்வளவு' வேறு யாரையும் விட அவசியம். அவர்கள் வீட்டுப் பண்ணையமே அதில்தான் நிற்கிறது.

முதலில் சாமான்கள். கிழங்கில் ஒரே அளவுத் துண்டு எடுக்கத் தக்கைத் துளைப்பான் வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் இருப்பது துருப்பிடித்து வாய் மழுங்கிப்போனது. ஆய்வக உதவியாளர் அண்ணன் பழைய டி.வி. ஆன்டெனாவின் அலுமினியக் குழாயை அறுத்து, லேத் பட்டறையில் கொடுத்து ஒரு முனையைக் கூராக்கி வாங்கி வந்தார். உள்விட்டம் 8 மில்லிமீட்டர். கிழங்கில் செருகித் திருகினால் தக்கை மாதிரி ஒரு உருளை வரும், பென்சிலால் உள்ளே தள்ளி எடுக்கலாம். ஓரத்துத் தோலை நறுக்கிவிட்டு 5 செ.மீ. நீளத்துக்குப் பிளேடால் வெட்டினால் ஒவ்வொன்றும் இரண்டரை கிராமுக்கு மேல், மூன்றுக்குள் நிற்கும். தராசு, பொடி நகை நிறுக்கும் சின்ன மின் தராசு. 0.01 கிராம் வரைக்கும் காட்டும். இதற்கு மேல் ஒன்றும் வேண்டியதில்லை.

அடுத்தது சர்க்கரை. கடையில் வாங்கும் வெள்ளைச் சர்க்கரை கிட்டத்தட்ட முழுக்கச் சுக்ரோஸ்தான், வேதியியல் பாட்டில் தேட வேண்டாம். நாட்டுச் சர்க்கரை இதற்கு ஆகாது. அதில் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், தாது உப்புகள் எல்லாம் கலந்திருக்கும், ஒரு கிராமில் எத்தனை துகள் என்று கணக்குப் போட முடியாது. சவ்வூடு பரவலில் எடை பேசாது, துகள்களின் எண்ணிக்கைதான் பேசும். வேதியியலில் துகள்களை எண்ணுகிற அலகு மோல். சுக்ரோஸ் ஒரு மோல் 342 கிராம். 342 கிராம் சர்க்கரையைக் குறைவான தண்ணீரில் கரைத்து, அப்புறம் ஒரு லிட்டர் கோடு வரைக்கும் தண்ணீர் சேர்த்தால் அது 1 மோலார். ஒரு லிட்டர் தண்ணீரை எடுத்து அதில் 342 கிராமைக் கொட்டினால் அது 1 மோலார் ஆகாது. அந்தச் சர்க்கரை தானே 200 மில்லிக்கு மேல் இடம் பிடிக்கும், மொத்தம் சுமார் 1.2 லிட்டர் ஆகிவிடும், அடர்வு 0.8 சொச்சத்துக்கு இறங்கிவிடும். பிள்ளைகளிடம் இதைச் சொல்வதோடு விடாமல் செய்து காட்டுவேன். அளவுக் குடுவையில் மட்டம் கோட்டைத் தாண்டி ஏறுவதைக் கண்ணால் பார்த்த பிள்ளை அப்புறம் ஆயுசுக்கும் மறக்காது.

ஒரு குழுவுக்கு ஆறு டம்ளர். ஒன்றில் வெறும் காய்ச்சி வடித்த நீர், மற்றதில் 0.2, 0.4, 0.6, 0.8, 1.0 மோலார், ஒவ்வொன்றிலும் 100 மில்லி. ஒரு குழுவுக்குச் செலவாவது 103 கிராம் சர்க்கரை. ஒரு கிலோ வாங்கினால் வகுப்பு முச்சூடும் செய்துவிடலாம். எறும்பு வரும், அதற்குத் தட்டில் தண்ணீர் விட்டு டம்ளர்களை அதற்குள் வைத்தால் போதும். இந்தச் சோதனையை மார்கழியில் வைத்துக்கொள்வது உத்தமம். பங்குனி, சித்திரை வெயிலில் ராத்திரி முழுக்க ஊறவைத்தால் காலையில் புளிச்ச வாடை அடிக்கும். கிழங்கு செத்துப்போனால் சவ்வும் போயிற்று, அப்புறம் நிறுத்து என்ன பிரயோசனம்?

காலையில் எடுக்கும்போதே கை சொல்லிவிடும். வெறும் தண்ணீரில் ஊறிய துண்டு விறைத்து நிற்கும், வளைத்தால் டக்கென்று ஒடியும். 1 மோலாரில் கிடந்தது துவண்டு ரப்பர் மாதிரி விரலில் சுற்றும். இரண்டையும் ஒரு பிள்ளையின் இரண்டு கையில் கொடுத்துவிட்டு நான் பேசாமல் நின்றுகொள்வேன். விறைப்பு அழுத்தம் என்று பாடப்புத்தகம் சொல்வது இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் உள்ள வித்தியாசம்தான்.

போன மார்கழியில் ஒரு குழு எடுத்த கணக்கை அப்படியே தருகிறேன். வெறும் தண்ணீரில் 2.68 கிராம் துண்டு 3.06 ஆனது, 14.2 சதவீதம் கூடுதல். 0.2 மோலாரில் 2.71 என்பது 2.85, அதாவது 5.2 கூடுதல். 0.4-இல் 2.65 குறைந்து 2.49, 6 சதவீதம் நட்டம். 0.6-இல் 17.8 நட்டம், 0.8-இல் 25.9, 1.0-இல் 30.9. இதைக் கிராஃப் தாளில் வைத்து இழுத்தால் கோடு 0.29-க்குப் பக்கத்தில் பூச்சியத்தை வெட்டும். அந்த அடர்வில் கிழங்கு தண்ணீரை வாங்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. சாதாரண உருளைக்கிழங்குக்கு இந்த இடம் பெரும்பாலும் 0.3 மோலாரை ஒட்டித்தான் வரும். அழுத்தத்தில் சொன்னால் அது ஏழரை, எட்டு பார். பைக் டயருக்கு நாம் அடிக்கும் காற்று இரண்டு, இரண்டேகால் பார்தான் என்று சொன்னதும் பசங்க பக்கத்து பெஞ்ச் நிமிர்ந்து உட்காரும். ஒரு சமையல் கிழங்கு தண்ணீரை இழுக்கிற இழுப்பு அத்தனை.

கோடு கடைசியில் வளைந்து படுப்பதையும் கவனிக்கச் சொல்வேன். 0.4-இலிருந்து 0.6-க்குப் போகும்போது பெரிய இறக்கம், 0.8-இலிருந்து 1.0-க்குச் சின்ன இறக்கம். செல்லை விட்டு வெளியே போகக்கூடிய தண்ணீரில் பெரும்பங்கு ஏற்கெனவே போய்விட்டது. செல்சுவரும் ஓரளவுக்கு மேல் சுருங்காது. சவ்வு சுவரை விட்டு விலகும் இடத்தில் சர்க்கரைக் கரைசலே புகுந்துகொள்கிறது, அந்த எடையும் தராசில் சேர்ந்துவிடுகிறது.

பிசகு வருவதென்றால் துடைப்பதில்தான் வரும். துண்டை டம்ளரிலிருந்து எடுத்ததும் மேலே ஒட்டியிருக்கும் ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். ஒரு பிள்ளை மெதுவாக ஒற்றும், இன்னொன்று பிழிந்தே விடும். அதனால் ஒரு குழுவில் ஒற்றுகிற வேலை கடைசி வரை ஒரே ஆளுக்கு.

இனி எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. ஒரு தடவை இரண்டு குழுக்களுக்கு ஒரே சோதனையில் வேறு வேறு விடை வந்தது. ஒரு குழுவுக்கு 0.28, இன்னொன்றுக்கு 0.38. இரண்டாவது குழுப் பிள்ளைகளுக்கு முகம் விழுந்துவிட்டது. "நாங்க எங்கயோ தப்புப் பண்ணிட்டமுங்க டீச்சர், மறுக்கா செய்யறோம்" என்றார்கள். மறுக்கா செய்தார்கள், அதே விடை. அப்புறம்தான் கிழங்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். முதல் குழு கொண்டுவந்தது மேட்டுப்பாளையம் மண்டியிலிருந்து வந்த புது ஊட்டிக் கிழங்கு, மண் கூடப் போகவில்லை. இரண்டாவது வடக்கிலிருந்து வந்த குளிர்கிடங்குக் கிழங்கு. ரொம்பக் குளிரில் வைத்தால் உருளைக்கிழங்கு தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்ளும். வறுக்கும்போது அந்தக் கிழங்கு சீக்கிரம் கருகுவதும், வாயில் லேசாக இனிப்பதும் அதனால்தான். மாவுச்சத்து எத்தனை இருந்தாலும் தண்ணீரை இழுக்காது, கரையாத பெரிய மூலக்கூறு. அது சர்க்கரையாக உடைந்தால் துகள் எண்ணிக்கை எகிறும், இழுப்பும் எகிறும். அந்தப் பிள்ளைகள் செய்தது சரி. கிழங்கு எங்கே படுத்திருந்தது என்பதைத் தராசை வைத்தே கண்டுபிடித்திருக்கிறார்கள்! அதனால் இப்போது நான் விடையை முன்கூட்டிச் சொல்வதே இல்லை. 0.3 வர வேண்டும் என்று தெரிந்துவிட்டால் பிள்ளைகள் 0.3-ஐ வரவழைத்துவிடுவார்கள்.

இன்னொன்றையும் பிரித்துக் காட்ட வேண்டும், பாடம் நடத்துகிற நமக்கே இது அடிக்கடி கலந்துபோகிறது. நிறுத்துப் பார்த்துக் கிடைப்பது திசுவின் நீரியல் திறன். செல்லுக்குள் கரைந்திருப்பவற்றின் இழுப்பு ஒரு பக்கம், செல்சுவர் திருப்பித் தள்ளுகிற அழுத்தம் இன்னொரு பக்கம், இரண்டும் கழிந்து மிச்சம் நிற்பது அது. கரைபொருளின் இழுப்பு மட்டும் தனியாக வேண்டுமென்றால் மைக்ராஸ்கோப்புக்குப் போக வேண்டும்.

அதற்கு ரியோ இலை. பள்ளி வாசலில் தொட்டியில் இருக்கும், மேலே பச்சை, அடியில் ஊதா. அடிப்பக்கத்துத் தோலை மெல்லிசாக உரித்து, ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்துப் பார்த்தால் தேன்கூட்டுக் கட்டங்களாக ஊதா நிரம்பி நிற்கும். கண்ணாடித் தகட்டின் ஒரு ஓரத்தில் சர்க்கரைக் கரைசல் சொட்டு, எதிர் ஓரத்தில் வடிதாள். கரைசல் உள்ளே நகரும். முதலில் ஒன்றும் ஆகாது. பிறகு ஒரு செல்லின் மூலையில் நூலளவு வெளுப்பு தெரியும். ஊதா அந்த மூலையை விட்டு விலகும், அடுத்த மூலையை விடும், ஓரம் உருண்டு, சுவர் அப்படியே நிற்க நடுவில் ஒரு ஊதாப் பந்து மிதக்கும். நிறம் இருப்பது செல்லின் நடுக்குமிழியில். அதனால் நாம் காண்பது அந்தக் குமிழி தண்ணீரை இழந்து சுருங்குவதை, அதன் மேலே சவ்வும் கூடவே இழுபட்டுப் போகிறது. இதுதான் பிளாஸ்மா சிதைவு. பேர் பயமுறுத்துகிறதே தவிர எதுவும் சிதையவில்லை. மறுபடி வெறும் தண்ணீர் சொட்டினால் ஊதா மெதுவாக விரிந்து மூலைகளைப் போய்த் தொடும். சரியாகப் பாதிச் செல்கள் விலகத் தொடங்கியிருக்கும் அடர்வு எதுவோ, அதுதான் செல்சாற்றின் இழுப்புக்குச் சமம். உருளைக்கிழங்கில் சவ்வு இருக்கிறது என்பதை நம்ப வேண்டியிருக்கிறது, இங்கே அதைக் கண் பார்த்துவிடுகிறது. ஒவ்வொரு பிள்ளையும் ஐபீஸை விட்டு எழுந்திருக்க மறுக்கும், வரிசை நீளும், மணி அடித்துவிடும்.

வில்ஹெல்ம் ஃபெஃபர் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் 1877-இல் வெளியிட்ட அளவுகளைக் கரும்பலகையில் எழுதிப் போடுவது என் வழக்கம். மண் கலத்தின் சுவருக்குள் காப்பர் ஃபெர்ரோசயனைடு சவ்வைப் படியவைத்து, உள்ளே சர்க்கரைக் கரைசலை ஊற்றித் தண்ணீருக்குள் இறக்கி அழுத்தத்தை அளந்தார். 1 சதவீதக் கரைசலுக்குப் பாதரசம் சுமார் 53 செ.மீ., 2 சதவீதத்துக்குச் சுமார் 101, 4 சதவீதத்துக்குச் சுமார் 208. இரட்டித்தால் இரட்டிக்கிறது என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். இந்த எண்களைப் பற்றி வேதியியலாளர் வான்ட் ஹாஃபுக்குச் சொன்னவர் இன்னொரு தாவரவியலாளர் ஹ்யூகோ டி விரீஸ், இருவரும் ஆம்ஸ்டர்டாமில் ஒரே இடத்தில் வேலை பார்த்தவர்கள். கரைசலின் அழுத்தம் வாயுவின் விதியையே பின்பற்றுகிறது என்று அதிலிருந்து வான்ட் ஹாஃப் எழுதினார். 1901-இல் வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்குத்தான். செடியைப் பார்த்தவர்கள் இல்லாமல் அந்த வேதியியல் இல்லை. தாவரவியல் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டே பிள்ளைகளை வேறு குரூப்புக்குத் தள்ளுகிற பெற்றோரிடம் நான் இதைச் சொல்வதுண்டு.

சர்க்கரை தண்ணீரை இழுக்கும் என்பதற்கு நம் ஊரிலேயே நல்ல சாட்சி பழனிப் பஞ்சாமிர்தம். விருப்பாச்சி மலைவாழை, கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய், பேரீச்சை. ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்ப்பதில்லை. ஆனாலும் குழைந்து வருகிறதே, அந்த ஈரம் வாழைப்பழத்துடையது. சர்க்கரை அதை வெளியே இழுத்துக்கொண்டது. கெட்டுப்போகாமல் இருப்பதும் அதே கணக்கில்தான்: அதில் விழும் பாக்டீரியாவின் தண்ணீரையும் சர்க்கரை விடாது. 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள்.

இப்போது ஆரம்பத்தில் சொன்ன பண்ணையத்துக்கு வருகிறேன்.

நொய்யல் பக்கத்திலிருந்து வருகிற ஒரு பெண் கேட்டாள்: "டீச்சர், எங்க அப்புச்சி தோட்டத்துல மண்ணு ஈரமாத்தானுங்க இருக்குது. ஆனா மஞ்ச வாடுதுங்க. ஏனுங்க டீச்சர்?"

"உங்க கெணத்துத் தண்ணிய ஒரு பாட்டில் கொண்டா அம்மிணி" என்றேன்.

திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவு நொய்யலில் ஓடிய கதை இங்கே எல்லா வீட்டிலும் தெரியும். பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பைக் கொட்ட வேண்டும், அந்த உப்பு முழுக்க ஆற்றுக்கும் ஒரத்துப்பாளையம் அணைக்கும் வந்தது. 1992-இல் பாசனத்துக்குக் கட்டிய அணை. விவசாயிகள் நடத்திய வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. பிறகு கழிவை வெளியே விடாமல் ஆர்.ஓ. வைத்துச் சுத்திகரிக்கும் ஏற்பாட்டோடு திறந்தார்கள். ஆர்.ஓ. என்பதும் இதே பாடம்தான். தண்ணீர் தானாகப் போகிற திசைக்கு எதிராக, கரைசலின் இழுப்பை விட அதிகமாக அழுத்தித் தள்ளுவது. ஆனால் மண்ணுக்குள் போன உப்பை யாரும் அழுத்தி எடுக்க முடியாது.

அவள் கொண்டுவந்த தண்ணீரின் இ.சி. (கரைந்திருக்கும் உப்பைக் காட்டிக்கொடுக்கும் மின்கடத்துத்திறன்) 4-ஐ ஒட்டி இருந்தது. மண் சாறு அந்த அளவைத் தொட்டால் உவர் மண் என்று கணக்கு. டம்ளர்களோடு அந்தத் தண்ணீரையும் ஒரு டம்ளரில் ஊற்றி, கிழங்குத் துண்டைப் போட்டோம். வெறும் தண்ணீரில் 14 சதவீதம் ஏறிய கிழங்கு இதில் 11 சொச்சம்தான் ஏறியது. அதை கிராஃபில் தேடச் சொன்னேன். விரலை வைத்துக் கோட்டோடு நகர்த்தி, "0.06 மோலார்கிட்ட வருதுங்க" என்றாள். லிட்டருக்கு 20 கிராம் சர்க்கரை கரைத்தால் வரும் இழுப்பு அது. கிணற்றுத் தண்ணீரில் கரைந்திருந்த உப்போ லிட்டருக்குச் சுமார் இரண்டரை கிராம். உப்பு தண்ணீரில் அயனிகளாகப் பிரிகிறது, ஒவ்வொரு துகளும் எடை குறைவு, அதனால் இரண்டரை கிராமில் அத்தனை துகள்கள். சர்க்கரையில் படித்ததை உப்புக்கு மாற்றிப் போடுகிற கணக்கு அந்த இடத்தில் அவளுக்குப் பிடிபட்டது.

"மூணு சதவீதந்தானுங்க டீச்சர் கொறையுது, அதுக்கா வாடும்?" என்று அடுத்த கேள்வி. அருமையான கேள்வி. பாய்ச்சிய அன்றைக்கு அவ்வளவுதான். மறுநாளிலிருந்து வெயில் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு போகும், உப்பை விட்டுவிடும். மண்ணில் ஈரம் பாதியானால் உப்பின் அடர்வு இரட்டிக்கும், இன்னும் பாதியானால் நாலு மடங்கு. ஃபெஃபரின் எண்கள்தான் மறுபடியும். கைக்கு மண் ஈரமாகவே படும், வேருக்கு அந்த ஈரத்தை இழுக்க முடியாது. தென்னை உள்ளே கரைபொருளைக் கூட்டிக்கொண்டு ஓரளவு தாக்குப்பிடிக்கும். மஞ்சளுக்கு அந்தத் தெம்பு இல்லை.

அந்த வாரமே அவளுடைய அப்புச்சி பள்ளிக்கு வந்தார். பேத்தி போட்ட கிராஃபைக் கையில் வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "அப்பொ வாரத்துக்கு ஒருக்கா நெறயப் பாய்ச்சறதுக்குப் பதிலா நெதமும் கொஞ்சங் கொஞ்சமா உட்டா உப்பு ஏறாதுங்களா?" என்று கேட்டார். ஆமாங்க, சொட்டுநீரில் வேரைச் சுற்றி ஈரம் நிலையாக நிற்கும், உப்பு ஈரத்தின் ஓரத்துக்குத் தள்ளிப்போகும், ஐப்பசி மழை நன்றாகப் பெய்தால் அதையும் கீழே கழுவிக்கொண்டு போகும் என்றேன். உரத்தையும் அதே குழாயில் ஒரே நாளில் விடாமல் பிரித்து விடச் சொன்னேன், யூரியாவும் துகள்தானே. முதலில் ஒரு ஏக்கரில் மட்டும் குழாய் போட்டுப் பார்ப்பதாகச் சொல்லிப் போனார். பேத்தி இப்போது தோட்டத்தில் நாலு மூலை மண்ணையும் தனித்தனிக் கவரில் போட்டு எடுத்து வந்திருக்கிறாள். அதற்குத் துண்டு வெட்ட ஊட்டிக் கிழங்கே வாங்கச் சொல்லியிருக்கிறேன்.